சில்வரின் மனைவிக்குப் பெயர் என்ன? இளையோர் கடற்சாகசக் கதைகளில் கறுப்பினத்தவர்

நங்கூரம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பன்னிரண்டு வயதை ஒட்டிய வாசகர்களுக்காகக் கடற்கொள்ளையர் கதை ஒன்றை இரண்டு ஆண்டுகளாக எழுதிவருகிறேன். கதை நடப்பது 1717ஆம் ஆண்டில். மேற்கு ஆப்பிரிக்காவில் அடிமை வணிகம் கொழித்த ஒரு துறைமுகத்தின் பெயரைத் தாங்கிய ‘விடா’ என்ற ஆங்கிலேயக் கப்பல், அவ்வாண்டு பிப்ரவரியில் கரீபியக் கடலில் சாம் பெல்லமி என்னும் கொள்ளைத் தலைவனிடம் பிடிபட்டது. இரண்டே மாதங்களில், ஏப்ரல் 26ஆம் நாள் இரவில், மசாசூசெட்ஸ் மாநிலத்தின் கேப் காட் கரையோரம் புயலில் சிக்கி மூழ்கியது. 1984இல் அதன் சிதைவு கண்டெடுக்கப்பட்ட பிறகு மேலே வந்த பொருள்களுள் ஒரு சிறுவனின் கால் எலும்பும் காலணியும் பட்டுக் காலுறையும் இருந்தன. தாயோடு வேறொரு கப்பலில் பயணம் செய்துகொண்டிருந்தபோது, கொள்ளையரோடு சேர்ந்தே தீருவேன் என்று அடம்பிடித்து ஏறிக்கொண்ட ஜான் கிங் என்ற சிறுவனுடையவை அவை என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

அந்தச் சிறுவனின் சாயலில்தான் என் நாயகன் தாமஸை அமைத்தேன். அவனுக்குத் துணையாகக் கோஃபி என்ற ஆப்பிரிக்கச் சிறுவனையும் வைத்தேன். ‘விடா’ பிடிபடும்போது அதன் அடித்தளத்தில் விலங்கிட்டுக் கிடக்கும் கோஃபியைக் கொள்ளையர் விடுவிக்கிறார்கள், இருவரும் நண்பர்களாகிறார்கள், இறுதிப் புயலில் தாமஸை ஒரு பலகையின் மேல் தள்ளி ஏற்றிவிட்டுக் கோஃபி கடலில் மறைகிறான்.

கைப்பிரதியை இருவர் படித்தார்கள். நெடுநாள் நண்பர் ஒருவர், “காலத்துக்குத் தகுந்தாற்போல ஒரு கறுப்புப் பையனைத் திணித்திருக்கிறாய்” என்றார். ஏழாம் வகுப்பு படிக்கும் என் மருமகளிடம் கோஃபியைப் பற்றிக் கேட்டபோது, “நல்ல பையன்” என்றாள். வேறென்ன நினைவிருக்கிறது என்று கேட்டேன். நெடுநேரம் யோசித்துவிட்டு மீண்டும் “நல்ல பையன்” என்றாள். நண்பரின் குற்றச்சாட்டைவிட அவளுடைய பதில்தான் என்னைத் தூங்கவிடவில்லை. கோஃபி இக்கதையில் ஒரு திணிப்புதானா? இல்லையென்றால் நான் எங்கே பிசகினேன்?

சுவடிப்பெண் எழுதியது:

நண்பர் நங்கூரத்துக்கு வணக்கம். ஒரு பொது நூலகத்தில் சனிக்கிழமைதோறும் சிறுவர் வாசிப்பு வட்டம் நடத்திவருகிறேன். சென்ற கோடையில் ‘புதையல் தீவு’ நாவலை, சுருக்கப் பதிப்பை விடுத்து முழு நூலாகவே, எட்டு வாரம் வாசித்தோம். ஆங்கிலத்தில் இருந்த பகுதிகளை நான் தமிழில் சொல்லிக்கொண்டு போனேன். மூன்றாம் வாரத்தில் ஒரு சிறுமி, “லாங் ஜான் சில்வரின் மனைவிக்குப் பெயர் என்ன?” என்று கேட்டாள். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தேன். பெயர் இல்லை.

பலருக்கும் நினைவில் இராது என்பதால் சொல்கிறேன். கதையின் கொள்ளைத் தலைவனான சில்வரின் மனைவி ஒரு கறுப்பினப் பெண். பிரிஸ்டலில் உள்ள விடுதியை அவளிடம் விட்டுவிட்டுத்தான் சில்வர் கப்பலேறுகிறான். அவள் கறுப்பினத்தவள் என்பதை நிலக்கிழார் டிரெலானி தம் கடிதத்தில் ஒரு கிண்டலோடு குறிப்பிடுகிறார். பிறகு, ஆப்பிள் பீப்பாய்க்குள் ஒளிந்திருக்கும் கதைசொல்லிச் சிறுவன் ஜிம், சில்வர் தன் கூட்டாளியிடம் பேசுவதைக் கேட்கிறான் அல்லவா, அந்த இடத்தில் அவன் சொல்வதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். வங்கிகளில் இருந்த பணம் முழுவதும் இந்நேரம் அவள் கைக்கு வந்திருக்கும், விடுதியையும் விற்றாகிவிட்டது, அவள் என்னைச் சந்திக்கக் கிளம்பிவிட்டாள், எந்த ஊரில் என்று சொன்னால் மற்றவர்கள் பொறாமைப்படுவார்கள். நாவலில் அத்தனை கொள்ளையரும் போட்ட அத்தனை திட்டங்களும் பாழாகின்றன. இந்தப் பெண்ணை நம்பிப் போட்ட திட்டம் ஒன்றைத்தான் அவர்களால் கெடுக்க முடியவில்லை. கடைசிப் பக்கத்தில், அவன் அவளைச் சந்தித்துச் சுகமாக வாழக்கூடும் என்று ஜிம் ஊகிக்கிறான். அங்கேயும் அவளுக்கு இனப் பெயர்தான் கிடைக்கிறதே தவிர இயற்பெயர் கிடைக்கவில்லை.

நான் பள்ளியில் படித்த சுருக்கப் பதிப்பில் இப்பெண் அறவே இல்லை. சுருக்கியவர் தீய எண்ணத்தோடு நீக்கியிருக்க மாட்டார். கதையை நகர்த்தாத பாத்திரம் என்று கருதியிருப்பார். ஆனால் ஒரு துறைமுக நகரத்தில் கடையை விற்று, பணத்தைத் திரட்டி, தேடப்படும் கணவனுக்காகக் கடல்தாண்டிப் போகும் ஒரு பெண்ணின் கதை அந்த நூலுக்குள் மூடிக் கிடக்கிறது. எங்கள் வட்டத்துப் பிள்ளைகள் அடுத்த இரண்டு வாரமும் அதைத்தான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே, உங்கள் நண்பர் ‘திணிப்பு’ என்று சொல்வதற்கு முன்னால், அந்தக் கப்பல்களிலும் துறைமுகங்களிலும் முன்பே இருந்தவர்களை வெளியேற்றியது யார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கடற்கணக்கர் எழுதியது:

சுவடிப்பெண் கூறியதற்கு வரலாற்றுச் சான்றுகள் தாராளமாக உள்ளன. 1718 நவம்பரில் அமெரிக்கக் கரையோரத் தீவான ஓக்ரகோக் அருகே கருந்தாடி என்ற கொள்ளைத் தலைவன் கொல்லப்பட்ட சண்டையில், தோல்வி உறுதியானால் வெடிமருந்துக் கிடங்குக்குத் தீ வைக்கும்படி அவன் பணித்திருந்தது சீசர் என்ற கறுப்பின மாலுமியை. எரியும் திரியோடு காத்திருந்த சீசரைக் கப்பலில் இருந்த இரு கைதிகள் தடுத்திருக்காவிட்டால் அன்று எவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். கடற்கொள்ளையரைப் பற்றி 1724இல் வெளிவந்த நூலிலேயே இது இருக்கிறது.

இன்னும் முன்னால் போகலாம். 1572இல் பனாமாவின் நோம்ப்ரே டி டியோஸ் நகரை ஆங்கிலேயக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் தாக்கியபோது, துப்பாக்கிச் சூட்டையும் பொருட்படுத்தாமல் கரையிலிருந்து ஓடிவந்து ஆங்கிலேயரின் படகில் ஏறிக்கொண்டவர் டியேகோ என்ற ஆப்பிரிக்கர். ஸ்பானியரிடமிருந்து தப்பிக் காட்டுக்குள் தனி ஊர்கள் அமைத்து வாழ்ந்த சிமரோன்களோடு டிரேக்குக்கு உறவு ஏற்படுத்தித் தந்தவர் அவர். அந்த உறவு இல்லாமல் 1573இல் ஸ்பானிய வெள்ளி சுமந்த கழுதைக் கூட்டத்தைக் கொள்ளையிட்டிருக்க முடியாது. டிரேக் முதன்முதலாகப் பசிபிக் கடலைக் கண்டது ஒரு மரத்தின் உச்சியிலிருந்து. அந்த மரத்துக்கு அவரை அழைத்துச் சென்றவர் பெத்ரோ என்ற சிமரோன் தலைவர். பள்ளி நூல்களில் மரம் இருக்கும், டிரேக் இருப்பார், பெத்ரோ இருக்க மாட்டார். லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்தில் கடற்படைத் தளபதி நெல்சனின் நினைவுத் தூணின் அடிப்பகுதியில் உள்ள வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில்கூடத் துப்பாக்கி ஏந்திய ஒரு கறுப்பின மாலுமி நிற்கிறார். கீழிருந்து அண்ணாந்து நெல்சனையே பார்ப்பவர்களுக்கு அவர் தெரிவதில்லை.

அதே சமயம் நங்கூரம் ஐயாவின் கைப்பிரதியில் ஒரு தவறைச் சுட்டிக்காட்ட வேண்டும். பெல்லமி பிடித்தபோது ‘விடா’ கப்பலின் அடித்தளத்தில் அடிமைகள் இல்லை. அவர்களை விற்று முடித்து, அந்தப் பணத்தோடும் சரக்கோடும் கப்பல் இங்கிலாந்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஆகவே விலங்கை உடைத்துக் கோஃபியை விடுவிக்கும் உங்கள் காட்சி நடந்திருக்க வாய்ப்பில்லை. பெல்லமியின் கூட்டத்தில் கறுப்பின மாலுமிகள் இருந்தார்கள் என்பது உண்மை. கோஃபி அவர்களுள் ஒருவனாக, தாமஸ் வருவதற்கு முன்பே அந்தக் கொள்ளைக் கூட்டத்தில் இருந்திருக்கலாம்.

அலைவாசகன் எழுதியது:

மாற்றுக் கருத்தொன்றைப் பதிவுசெய்ய அனுமதியுங்கள். சான்றுகளை நான் மறுக்கவில்லை. ஆயினும் சான்று இருப்பதாலேயே ஒரு பாத்திரம் கதைக்குத் தேவை என்றாகிவிடாது. சிறுவயதில் என் தந்தை வாங்கித் தந்த சாகசக் கதைகளை நான் படித்தது புயலுக்காகவும் புதையலுக்காகவும்தான். இன்றைய எழுத்தாளர்கள் சிலர் பாய்மரத்தை விரிப்பதற்குள் பாடம் நடத்தத் தொடங்கிவிடுகிறார்கள். நல்லவராகவே பிறந்து நல்லவராகவே இறக்கும் கறுப்பினப் பாத்திரங்கள் எத்தனை! நங்கூரத்தின் நண்பர் திணிப்பு என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் சொன்ன விதம் கரடுமுரடாக இருக்கலாம், ஆனால் அவர் உணர்ந்தது பொய்யல்ல.

மேலும், எல்லாரும் குற்றம் சாட்டும் ‘ராபின்சன் குரூசோ’விலேயே கறுப்பினப் பணியாளனான வெள்ளிக்கிழமைக்கு எத்தனை இடம் தரப்பட்டிருக்கிறது! அவனை நேசிக்காத சிறுவன் உண்டா?

சுவடிப்பெண் எழுதியது:

அலைவாசகன் ஐயா, வெள்ளிக்கிழமை ஆப்பிரிக்கன் அல்லன். ஓரினோக்கோ ஆற்று முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியின் பழங்குடியைச் சேர்ந்தவன். அவன் நிறம் கறுப்பு அல்ல என்று நூலாசிரியர் மெனக்கெட்டு எழுதியிருக்கிறார். படங்கள் வரைந்தவர்கள்தாம் அவனைக் கறுப்பாக்கி, நம் எல்லார் நினைவிலும் அப்படியே பதித்துவிட்டார்கள்.

ஆனால் அந்த நூலில் ஆப்பிரிக்கர்கள் இல்லாமல் இல்லை. குரூசோ எதற்காகக் கப்பலேறினான் என்பது நினைவிருக்கிறதா? பிரேசிலில் தனக்கும் அண்டைத் தோட்டக்காரர்களுக்கும் அடிமைகளைக் கொண்டுவருவதற்காகக் கினியாவுக்குப் புறப்பட்டவன் அவன். புயல் அந்தக் கப்பலைத்தான் உடைத்தது. அதற்கு முன்பு, சிறையிலிருந்து தன்னோடு தப்பி வந்த சூரி என்ற மூர்ச் சிறுவனை ஒரு போர்த்துகீசியக் கப்பல் தலைவனிடம் 60 வெள்ளிக் காசுகளுக்குக் கைமாற்றுகிறான். பின்னால் அதற்காக வருந்தவும் செய்கிறான். தோட்ட வேலைக்கு ஆள் பற்றாக்குறை வந்தபோது! நான் பார்த்த சிறுவர் பதிப்புகளில் “வாணிகத்துக்காகப் புறப்பட்டான்” என்ற இரண்டு சொற்களில் இவை அனைத்தும் முடிந்துவிடுகின்றன.

முழுக் கதையைச் சொன்னால் பாடம் நடத்துவதாகிவிடுமா என்ற உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. எங்கள் வட்டத்தில் இதை மறைக்காமல் சொன்னேன். பிள்ளைகள் புத்தகத்தை மூடிவைக்கவில்லை. “அப்படியானால் அந்தப் புயலால் யாரோ சிலர் தப்பித்திருக்கிறார்கள்” என்றான் ஒருவன். எனக்குத் தோன்றாத கோணம் அது.

வல்வைக்காற்று எழுதியது:

நான் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குச் சிறார் நூல்களை மொழிபெயர்ப்பவள். இரண்டு விடயங்களை மட்டும் சொல்ல விரும்புகிறேன்.

முதலாவது, கோஃபியின் சாவு. 1969இல் வெளிவந்த ‘தி கே’ என்ற நாவலில், 1942இல் குராசோ தீவிலிருந்து புறப்பட்ட கப்பல் நீர்மூழ்கியின் தாக்குதலில் மூழ்கிய பின், பார்வையிழந்த ஒரு வெள்ளைச் சிறுவனும் திமொத்தி என்ற கறுப்பின முதியவரும் ஒரு சிறு தீவில் ஒதுங்குகிறார்கள். இனத்துவேசத்தோடு வளர்ந்த சிறுவன் அவரை நேசிக்கக் கற்றுக்கொள்கிறான். இறுதியில் சூறாவளியின்போது தன் உடலால் சிறுவனை மறைத்துக் காத்துவிட்டு முதியவர் இறந்துபோகிறார். ஆசிரியர் அந்நூலை மார்ட்டின் லூதர் கிங்கின் கனவுக்குக் காணிக்கையாக்கியிருந்தார். அவருடைய நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. முதல் தடவை படித்தபோது அழுதும் இருக்கிறேன். எனினும் கடும் விமர்சனம் எழுந்தது. அதற்குக் கிடைத்த ஒரு விருது பின்னாளில் திருப்பி அனுப்பப்பட்டது. திமொத்திக்கு அந்தச் சிறுவனைக் காப்பாற்றுவதைத் தவிர வேறு எந்த வேலையும் கதையில் இல்லை என்பதுதான் விமர்சித்தவர்களின் ஆதங்கம் என்று நான் விளங்கிக்கொள்கிறேன். நங்கூரம் அண்ணா, உங்கள் கோஃபி அந்தத் தீவிலிருந்து நேராக நீந்தி வந்தவன்போலத் தெரிகிறான். உங்கள் மருமகளுக்கு அவன் நினைவில் நிற்காததற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். அவனுக்கு என்ன வேண்டும் என்று நீங்கள் ஓரிடத்திலாவது எழுதியிருக்கிறீர்களா?

இரண்டாவது, சொற்கள். பழைய மொழிபெயர்ப்புகளில் ‘நீக்ரோ’ என்றும் ‘காப்பிரி’ என்றும் தயக்கமின்றி எழுதினார்கள். முதற்சொல்லை இன்று யாரும் ஏற்பதில்லை. இரண்டாவது சொல் கொஞ்சம் சிக்கலானது. போர்த்துக்கேயர் காலந்தொட்டு இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் புத்தளம் பகுதியில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களைக் குறிக்க அந்தச் சொல் அங்கே வழங்குகிறது. அதற்காக அதை எடுத்து அத்திலாந்திக் கடலில் ஓடும் கதைக்குப் பொருத்த முடியாது, ஏனென்றால் தமிழில் அது வசையாகவும் வழங்கியிருக்கிறது. நான் ‘கறுப்பர்’, ‘ஆப்பிரிக்கர்’, முடிந்த இடங்களில் ‘அக்கான்’, ‘இக்போ’ என்று இனக்குழுவின் பெயர் ஆகியவற்றையே பாவிக்கிறேன்.

‘அடிமை’ என்ற சொல்லுக்குப் பதிலாக ‘அடிமைப்படுத்தப்பட்டவர்’ என்று எழுதும்படி பதிப்பாசிரியர்கள் இப்போது கேட்கிறார்கள். நோக்கம் நல்லதுதான்; ஆனால் பத்து வயதுப் பிள்ளை அந்தச் சொல்லை முடிப்பதற்குள் கப்பல் போய்விடும். தமிழில் வினைச்சொல்லைக் கொண்டு இதை எளிதாகத் தீர்க்கலாம். ‘அடிமைச் சிறுவன் ஏறினான்’ என்று எழுதாமல், ‘அவனைப் பிடித்து விற்றிருந்தார்கள்’ என்று எழுதினால், பிடித்தது யார், விற்றது யார் என்ற கேள்வி வாக்கியத்துக்குள்ளேயே வந்துவிடுகிறது.

ஏழாம்வகுப்பு எழுதியது:

நான் பள்ளி ஆசிரியை. எண்ணிக்கையைப் பற்றி ஒரு குறிப்பு மட்டும். அமெரிக்காவில் மூன்று ஆண்டுகளில் வெளிவந்த 5,000க்கும் மேற்பட்ட சிறார் நூல்களை நான்சி லாரிக் ஆராய்ந்து 1965இல் எழுதியபோது, 6.7 விழுக்காட்டு நூல்களில்தான் ஒரு கறுப்பினப் பாத்திரமாவது இருந்தது. பிரிட்டனில் 2017இல் வெளிவந்த சிறார் நூல்களைக் கணக்கெடுத்தபோது, கறுப்பினத்தவர், ஆசியர், பிற சிறுபான்மையினர் அனைவரையும் சேர்த்தே 4 விழுக்காட்டு நூல்களில்தான் அவர்கள் தென்பட்டார்கள். முதன்மைப் பாத்திரமாக வந்தது 1 விழுக்காட்டில். அந்தச் சிறிய எண்ணிக்கையில் நம் பிள்ளைகளைப் போன்றவர்களும் அடக்கம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

கடற்கணக்கர் எழுதியது:

வல்வைக்காற்று கேட்ட கேள்விக்கு, அதாவது கோஃபிக்கு என்ன வேண்டும் என்பதற்கு, விடை கண்டுபிடிக்க உதவும் ஒரு மெய்யான வாழ்க்கையைச் சொல்கிறேன். அடிமையாக விற்கப்பட்டு மாலுமியாக வாழ்ந்த ஒலாடா எக்குவியானோ 1789இல் வெளியிட்ட தன்வரலாற்றைச் சாகசக் கதையாகப் படிப்பவர்கள் குறைவு. அடிமை ஒழிப்பு வரலாற்றில் அதற்குள்ள இடம் அத்தனை பெரியது என்பதால், அதில் வரும் சிறுவனை நாம் மறந்துவிடுகிறோம்.

பதினொரு வயதில் சகோதரியோடு கடத்தப்பட்டதாக அவர் எழுதுகிறார். பாஸ்கல் என்ற கடற்படை அதிகாரி அவரை வாங்கி, குஸ்டாவஸ் வாசா என்று ஒரு ஸ்வீடன் மன்னனின் பெயரை வைக்கிறார். எனக்கு ஏற்கெனவே ஜேக்கப் என்று பெயர் இருக்கிறது, அதுவே போதும் என்று சிறுவன் மறுக்கிறான். அடித்து அடித்து ஒப்புக்கொள்ள வைக்கிறார்கள். முதல் கப்பலில் ரிச்சர்ட் பேக்கர் என்ற வெள்ளைச் சிறுவன் நண்பனாகிறான். நான்கைந்து வயது மூத்தவன். இவனுக்கு எல்லாவற்றையும் விளக்கிச் சொல்பவன். புத்தகங்கள் மனிதரோடு பேசுகின்றன போலும் என்று எண்ணித் தனியாக இருக்கும்போது அவற்றைக் காதில் வைத்துக் கேட்டுப் பார்த்ததாக எக்குவியானோ எழுதுவது இந்தக் காலத்தைப் பற்றித்தான். 1759இல் அந்த நண்பன் இறந்துபோகிறான். நங்கூரம் ஐயா, கவனியுங்கள்: இந்த மெய்க்கதையில் துணைப்பாத்திரம் வெள்ளைச் சிறுவன், பாதியில் இறப்பவனும் அவனே, நினைவுகூர்ந்து எழுதுபவர்தான் கறுப்பினத்தவர்.

அதே ஆண்டு போர்த்துகல் கரையோரம் லாகோஸ் கடற்போர் நடக்கிறது. ‘நாமூர்’ என்ற போர்க்கப்பலில், இன்னொரு சிறுவனோடு சேர்ந்து, கடைசிப் பீரங்கிக்கு வெடிமருந்து சுமந்து கொடுப்பது அவருடைய வேலை. வெடிமருந்துப் பொதிகள் பல மக்கிப்போயிருந்ததால் மருந்து வழியெல்லாம் சிந்துகிறது. பக்கத்திலேயே திரித் தொட்டியில் நெருப்பு. ஊற்றித் தணிக்கத் தண்ணீரும் போதவில்லை. இதற்கு மேல் ஒரு சாகசக் காட்சியை யார் கற்பனை செய்ய முடியும்? போர் முடிந்தால் விடுதலை கிடைக்கும் என்று அவர் நம்பியிருந்தார். 1762இன் இறுதியில் பாஸ்கல் அவரை வேறொரு கப்பல் தலைவனுக்கு விற்றுவிடுகிறார். நான் திருமுழுக்குப் பெற்றவன், என்னை விற்க உமக்கு உரிமை இல்லை என்று அந்தக் கப்பலின் தலைவனது அறையில் நின்று வாதாடுகிறார் அந்த இளைஞர். பலிக்கவில்லை. சிறு வணிகம் செய்து பணம் சேர்த்து 1766இல் தம் விலையைத் தாமே கொடுத்து விடுதலை பெற்றார்.

1773இல் வடதுருவம் நோக்கிச் சென்ற இரண்டு கப்பல்களில் ஒன்றில் கடல்நீரைக் காய்ச்சி நன்னீராக்கும் பணியில் அவர் இருந்தார். மற்றொன்றில் பதினான்கு வயது ஹொரேஷியோ நெல்சன் இருந்தார். இரு கப்பல்களும் பனிக்கட்டிகளுக்கு நடுவில் சிக்கிக்கொண்டன. அந்தப் பயணத்தில் நெல்சன் பனிக்கரடியை எதிர்கொண்ட கதை படங்களோடு பரவியது. எக்குவியானோவும் அங்கே இருந்தார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

அலைவாசகன் எழுதியது:

பெத்ரோவும் இவரும் என்னை அசைத்துவிட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமை பற்றிய என் பிழையையும் ஏற்கிறேன். அறுபது ஆண்டுகளாக அவனைத் தவறான நிறத்தில் நினைத்திருக்கிறேன். ஆனால் ஒரு வினா. எக்குவியானோ ஆப்பிரிக்காவில் பிறக்கவே இல்லை என்று ஆவணங்கள் கூறுவதாகப் படித்த நினைவு. மெய் என்று நாம் பிள்ளைகளிடம் நீட்டும் கதையிலேயே ஐயம் இருந்தால் என்ன செய்வது?

கடற்கணக்கர் எழுதியது:

உண்மைதான். 1759இல் வெஸ்ட்மின்ஸ்டரில் எழுதப்பட்ட திருமுழுக்குப் பதிவில் அவர் பிறந்த இடம் கரோலினா என்று இருக்கிறது. 1773ஆம் ஆண்டுக் கப்பல் பதிவும் தென் கரோலினா என்கிறது. அவரே இக்போ நிலத்தில் பிறந்ததாக எழுதுகிறார். பதிவேட்டில் எழுதியவர் யார், யாரைக் கேட்டு எழுதினார் என்று ஒரு தரப்பும், தம் இனத்தாரின் பொது அனுபவத்தைத் தம்முடையதாக அவர் எழுதியிருக்கலாம் என்று மறு தரப்பும் வாதிடுகின்றன. இந்த ஐயம் குழந்தைப் பருவத்தைப் பற்றியது. கடற்போரும் விற்பனையும் வடதுருவப் பயணமும் அதனால் பாதிக்கப்படுவதில்லை. பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இந்த ஐயத்தையும் சேர்த்தே கொடுக்கலாம் என்பது என் கருத்து. துப்பறியும் கதைகளை விழுந்து விழுந்து படிக்கும் வயது அல்லவா அது?

கொள்ளையர் கப்பலைச் சமத்துவபுரமாக வரைந்துவிடும் ஆசையைப் பற்றியும் எச்சரிக்க வேண்டும். கறுப்பின மாலுமிகள் சண்டையிட்டார்கள், பங்கும் பெற்றார்கள் என்பது உண்மை. பிடிபட்ட கப்பல்களில் இருந்த ஆப்பிரிக்கர்களைச் சரக்காக எண்ணி விற்ற கொள்ளையர் இருந்தார்கள் என்பதும் அதே அளவு உண்மை. 1722இல் பார்த்தலோமியூ ராபர்ட்ஸ் என்ற கொள்ளைத் தலைவர் கொல்லப்பட்ட பிறகு, அவருடைய ஆட்கள் இன்றைய கானாவில் உள்ள கேப் கோஸ்ட் கோட்டையில் விசாரிக்கப்பட்டார்கள். 52 பேர் தூக்கிலிடப்பட்டார்கள், விடுவிக்கப்பட்டவர்களும் உண்டு. அதே கப்பல்களில் பிடிபட்ட கறுப்பினத்தவருக்கு விசாரணையே கிடையாது. அவர்கள் அடிமைகளாக்கப்பட்டார்கள்.

‘விடா’வுக்கும் இது பொருந்தும். புயலில் அந்தக் கப்பலிலிருந்து பிழைத்தவர்கள் இருவர். தாமஸ் டேவிஸ் என்ற வேல்ஸ் நாட்டுத் தச்சரை பாஸ்டனில் விசாரித்து விடுதலை செய்தார்கள். மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்தைச் சேர்ந்த ஜான் ஜூலியன் அடிமையாக விற்கப்பட்டதாகத் தெரிகிறது. இருவரும் நீந்திக் கரையேறியது ஒரே அலையிலிருந்து.

சுவடிப்பெண் எழுதியது:

ஒருவர் இன்னொருவரை மீட்டுக் கரையேற்றுவதோடு சாகசம் முடிந்துவிடும் என்று நாம் பழகியிருக்கிறோம். கடற்கணக்கர் இப்போது சொன்னதைப் படித்ததும், கோஃபிக்குக் கரைதான் ஆபத்தான இடம் என்று தோன்றியது. அவன் கப்பலில் ஒளித்து வைத்திருக்க வேண்டிய அச்சம் அது.

1548இல் ஜாக் பிரான்சிஸ் என்ற கினியா நாட்டு முத்துக்குளிப்பாளர்... இல்லை, அப்படி எழுதக்கூடாது, அவர் மூழ்கிய கப்பல்களிலிருந்து பொருள்களை மீட்கும் மூழ்காளர். 1545இல் மூழ்கிய ‘மேரி ரோஸ்’ போர்க்கப்பலின் பீரங்கிகளை எடுக்க அமர்த்தப்பட்டவர். தம் முதலாளி மீது எழுந்த திருட்டு வழக்கில் அவர் இங்கிலாந்தின் கடல்வழக்கு மன்றத்தில் சாட்சி சொல்ல வந்தபோது, இவர் அடிமை, இவர் சொல் செல்லாது என்று எதிர்த்தரப்பினர் வாதிட்டார்கள். மன்றம் அவருடைய சாட்சியத்தைப் பதிவுசெய்தது. தண்ணீருக்கு அடியில் அஞ்சாதவர் தரையில் எதற்கு அஞ்சியிருப்பார் என்று எழுதினால், அதுவே ஒரு நாவல்.

நங்கூரம் எழுதியது:

நான்கு மாதங்களுக்குப் பிறகு இந்த இழைக்குத் திரும்பியிருக்கிறேன். பொறுத்தருள்க, மீண்டும் முதலிலிருந்து எழுத வேண்டியதாகிவிட்டது.

இப்போது கதையைச் சொல்பவன் கோஃபி. தாமஸ் ஏறும்போது கோஃபி அந்தக் கூட்டத்தில் இரண்டு ஆண்டுப் பழக்கம் உள்ளவன். எந்த முடிச்சை எந்தக் கயிற்றுக்குப் போடுவது என்று தாமஸுக்குக் கற்றுத் தருபவன். அவனுக்கு வேண்டியது ஒன்று இருக்கிறது. ஜமைக்காவில் விற்கப்பட்ட தங்கையின் இடத்தை அவன் அறிவான். தன் பங்குக் காசை அதற்காகச் சேர்க்கிறான். எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை யாரிடமும், தாமஸிடமும்கூட, சொல்வதில்லை. அலைவாசகன் ஐயாவுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவன் எல்லா நேரமும் நல்லவன் அல்லன். ஓரிடத்தில் திருடுகிறான், அகப்படும்போது பழி வேறொருவன் மேல் விழுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான்.

விலங்கை உடைக்கும் காட்சியை நீக்கிவிட்டேன். அதற்குப் பதிலாக, ‘விடா’ பிடிபட்டதும் கோஃபி தனியாக அதன் அடித்தளத்துக்கு இறங்கிப் போகிறான். அங்கே யாரும் இல்லை. காலியான விலங்குகளை அவன் எண்ணுகிறான். இந்த இரண்டு பக்கங்களை எழுத மூன்று வாரம் பிடித்தது. கப்பல் முழுக்க மேலே கூத்தும் கொண்டாட்டமுமாக இருக்கிறது.

புயலில் அவனைக் கொல்லவில்லை. இருவரும் கரையேறுகிறார்கள். தூரத்தில் விளக்கோடு ஆட்கள் வருகிறார்கள். தாமஸ் எழுந்து நின்று கையசைத்துக் கூப்பிடுகிறான். கோஃபி மணல்மேட்டுப் பக்கம் ஓடத் தொடங்குகிறான். ஏன் ஓடுகிறான் என்று தாமஸுக்குப் புரிவதில்லை. கதை அங்கே நிற்கிறது.

மருமகள் படித்து முடித்தாள். கோஃபியைப் பற்றி நான் கேட்கும் முன்பே, “அவன் பொய் சொல்கிறான் மாமா. அந்தத் தாமஸுக்குக் கடைசி வரைக்கும் தெரியவே இல்லை, எனக்குப் பாதியிலேயே தெரிந்துவிட்டது” என்றாள். பிறகு தங்கையின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கேட்டாள். உண்மையில் நான் வைக்கவே மறந்திருந்தேன்.

வல்வைக்காற்று எழுதியது:

அக்கான் வழக்கில் பிறந்த கிழமையைக் கொண்டு பெயர் வைப்பார்கள், அண்ணா. கோஃபி வெள்ளிக்கிழமை பிறந்தவன். தங்கை எந்தக் கிழமையில் பிறந்தாள் என்று முடிவு செய்துகொண்டு வாருங்கள், பெயரைத் தேடித் தருகிறேன்.